எலக்ட்ரான் மேகம் என்றால் அதன் மின்னூட்டமும் மேகமா?

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் சிலர் கேட்ட ஐந்து கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கேள்விகள் இவை. மின்னூட்டம் என்பது உண்மையில் என்ன, அது ஏன் 1.6 × 10⁻¹⁹ கூலும் என்ற அளவின் முழு மடங்காகவே வருகிறது? புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது. அப்படியிருந்தும் இரண்டின் மின்னூட்டமும் எப்படிச் சரிசமம்? எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்றால் எலக்ட்ரான் ஏன் அணுக்கருவில் போய் விழவில்லை? எலக்ட்ரான் மேகம்போலப் பரவியிருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் மேகத்தின் ஒரு பக்கம் மறு பக்கத்தை விலக்க வேண்டாமா? கடைசியாக, எலக்ட்ரான்களை இரண்டு பிளவுகள் வழியே அனுப்பித் திரையில் பட்டைக் கோலம் பெறும் இரட்டைப் பிளவுச் சோதனையில் எலக்ட்ரான் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் கோலம் கலைந்துவிடுவது ஏன்?

நான்காவது கேள்வியைக் கேட்டவருக்குத் தனிப் பாராட்டு. குவாண்டம் இயற்பியலைப் பாடமாக முடித்த பலரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். மற்ற நான்கும் ஒருவகையில் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலிலேயே இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். மின்னூட்டம் எண்ணக்கூடியது, எங்கே எப்போது அளந்தாலும் முழுசு முழுசாகத்தான் கிடைக்கும். எலக்ட்ரானின் இடம் அப்படியல்ல. அளக்கும்வரை அதற்கு ஒற்றை விடை கிடையாது. பரவுவது இடம், மின்னூட்டம் அல்ல. பாடத்திட்டத்தில் முதலாவது நிலைமின்னியலிலும் இரண்டாவது நவீன இயற்பியலிலும் தனித்தனியாக வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சரி, முழு மடங்கு விவகாரத்திலிருந்து தொடங்கலாம். ராபர்ட் மில்லிகன், தன் மாணவர் ஹார்வி பிளெட்சரின் துணையோடு 1909இல் தொடங்கிய எண்ணெய்த்துளிச் சோதனை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அதன் உயிர்நாடியான பகுதியைப் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஒரே துளியை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கலாம். மின்புலத்தை நிறுத்தினால் அது மெதுவாக இறங்கும், கொடுத்தால் ஏறும். நடுவில் எக்ஸ் கதிரைக் காட்டினால் காற்றில் அயனிகள் உண்டாகும். அவற்றில் ஒன்று துளியில் ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் துளி ஏறும் வேகம் சட்டென்று வேறொரு வேகத்துக்குத் தாவும். இடைப்பட்ட வேகங்கள் வருவதே இல்லை. துளியின் எடையும் அளவும் மாறவில்லை, தட்டுகளின் மின்னழுத்தமும் மாறவில்லை. மாறியது துளியின் மின்னூட்டம் மட்டும், அதுவும் தாவித் தாவி.

இந்தத் தாவல்களிலிருந்து அலகை எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்துக்காட்டாக, ஒரு துளியின் மின்னூட்டம் அடுத்தடுத்து 9.6, 4.8, 11.2, 6.4 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். எல்லாம் 10⁻¹⁹ கூலுமில். நான்கு எண்களுக்கும் பொதுவான மிகப்பெரிய வகுஎண் 1.6. துளியில் முறையே 6, 3, 7, 4 அலகுகள் இருந்திருக்கின்றன. இப்போது 9.6, 6.4, 12.8 ஆகிய மூன்றை மட்டும் பார்த்திருந்தால்? அலகு 3.2 என்று அடித்துச் சொல்லியிருப்போம். அப்புறம் ஒரே ஒரு 8.0 வந்தால் போதும், அந்த முடிவு கவிழ்ந்துவிடும். ஆக, இந்த வகைச் சோதனையால் 'இதைவிடச் சிறிய அலகு கிடையாது' என்று நிரூபிக்க முடியாது. இதுவரை கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். நூறாண்டுக்கு மேலாகத் தேடியும் தனியாக நிற்கும் எந்தத் துகளிலும் சிறிய அலகு கிடைக்கவில்லை.

மில்லிகன் பெற்ற மதிப்பு 1.592 × 10⁻¹⁹ கூலும். கொஞ்சம் குறைவு, காரணம் அவர் பயன்படுத்திய காற்றின் பாகியல் எண் (காற்றின் பிசுப்புத்தன்மையைச் சொல்லும் எண்) சற்றுத் தவறு. இன்றைய மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹. 2019 மே 20க்குப் பிறகு இதை யாரும் அளப்பதில்லை, ஏனென்றால் அன்றிலிருந்து இந்த எண்ணை நிலையாக வைத்துக்கொண்டுதான் ஆம்பியரையும் கூலுமையும் வரையறுக்கிறோம். ஒரு கூலும் என்பது சுமார் 6.24 × 10¹⁸ அலகு மின்னூட்டங்கள், அவ்வளவுதான்.

இதே கேள்வியின் வாலாக ஒருவர், 'பிளாஸ்டிக் சீப்பை உரசும்போது எலக்ட்ரான்கள் உருவாகின்றனவா?' என்றும் கேட்டிருந்தார். உருவாவதில்லை, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மின்னூட்டம் போகிறது. எவ்வளவு என்று பாருங்கள். சீப்பில் ஒரு நானோகூலும் சேர்ந்தால் அது சுமார் 620 கோடி எலக்ட்ரான்களுக்குச் சமம். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 10 கிராம் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 3 × 10²⁴ எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆக, இடம் மாறியது சுமார் 5 × 10¹⁴க்கு ஒன்று. காகிதத் துண்டைத் தூக்க அதுவே போதுமானதாக இருக்கிறது. இதில் வேடிக்கை, மின்கடத்தாப் பொருள்களை உரசும்போது கைமாறுவது எலக்ட்ரானா, அயனியா, பொருளின் பொடித் துகளா என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் விஷயம். மின்னியலின் முதல் பாடம்தான் இன்னும் முடியாத பாடம்.

புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகள்களுக்கு மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று பின்ன மின்னூட்டம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் குவார்க் எதுவும் தனியாக வெளியே வருவதில்லை. புரோட்டானுக்குள் மூன்று சேர்ந்து +1, நியூட்ரானுக்குள் மூன்று சேர்ந்து 0. இன்னொரு பக்கம், 1982இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னக் குவாண்டம் ஹால் விளைவில், மிகக் குறைந்த வெப்பநிலையில் வலிமையான காந்தப்புலத்தில் இருக்கும் எலக்ட்ரான் கூட்டத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் கொண்ட அசைவுகள் ஓடுகின்றன. 1997இல் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்தே அதை உறுதிசெய்தார்கள். அதற்காக எலக்ட்ரான் மூன்று துண்டாக உடைந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது பல எலக்ட்ரான்கள் சேர்ந்து செய்யும் கூட்டு அசைவு. அந்தப் படலத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுத்தால் முழுசாகத்தான் வரும்.

இனி, மின்னூட்டம் என்றால் என்ன என்ற பகுதி. 'பொருளின் அடிப்படைப் பண்பு' என்று சொல்லிவிட்டு நகர்வது கேள்வியைத் தள்ளிப்போடுவது. குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரானை விவரிக்கும் அலைச்சார்புக்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் அளவும் ஒரு கட்டமும் (phase, அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பது) இருக்கும். அளவின் வர்க்கம், எலக்ட்ரான் அங்கே அகப்படும் நிகழ்தகவைத் தரும். கட்டம் நேரடியாகத் தெரியாது. இரண்டு வழியாக வந்த அலைகள் ஒன்றுசேரும்போது கட்ட வேறுபாடுதான் எங்கே வலுக்கும், எங்கே அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். மின்காந்தப் புலம் ஒரு துகளிடம் செய்கிற வேலை, அடிமட்டத்தில், இந்தக் கட்டத்தைத் திருப்புவது. எவ்வளவு திருப்பும் என்பதைச் சொல்லும் எண்ணே மின்னூட்டம். கூலும் விதி சொல்லும் விசையெல்லாம் இதிலிருந்து வருவதுதான். எனக்குத் தெரிந்த விளக்கங்களில் இதுதான் உருப்படியானது.

இது வெறும் கணிதப் பேச்சில்லை. காந்தப்புலம் முழுவதும் உள்ளே அடைபட்ட ஒரு சுருளின் இருபுறமும் எலக்ட்ரான் அலை கடந்து போனால், அது போகும் வழியில் புலமே இல்லாவிட்டாலும் குறுக்கீட்டுக் கோலம் (அலைகள் ஒன்றுசேர்ந்து உண்டாக்கும் பட்டைகள்) நகரும் என்று இயற்பியலாளர்கள் அகரோனோவும் போமும் 1959இல் சொன்னார்கள். 'எங்கோ கொஞ்சம் புலம் கசிந்திருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்கள் பல ஆண்டுகள் விடவில்லை. 1986இல் ஜப்பானில் அகிரா டொனொமுரா குழுவினர் நுண்ணிய வளையக் காந்தத்தை மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளால்) முழுக்க மூடி, கசிவுக்கு வழியே இல்லாமல் செய்து காட்டினார்கள். கோலம் நகர்ந்தது.

அலையின் இந்தக் கட்டத்திலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. எல்லா இடத்திலும் கட்டத்தை ஒரே அளவு மாற்றினால், அளக்கக்கூடிய எதுவும் மாறாது. எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, இப்படித் தொடர்ச்சியான ஒரு சமச்சீர் இருந்தால் அதோடு கூடவே மாறாத ஓர் அளவும் இருக்கும். இங்கே அது மொத்த மின்னூட்டம். மின்னூட்டமுள்ள துகள்களில் மிக இலேசானது எலக்ட்ரான் என்பதால், அது சிதைந்து போனால் மின்னூட்டத்தை ஒப்படைக்க ஆளில்லை; சிதையவே கூடாது. இத்தாலியில் மலைக்கு அடியில் இயங்கிய போரெக்சினோ கருவி 2015இல் கொடுத்த கணக்குப்படி, எலக்ட்ரானின் சராசரி ஆயுள் குறைந்தது 6.6 × 10²⁸ ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1.38 × 10¹⁰ ஆண்டுகள்தான்.

மின்னூட்டமும் கட்டமும் எவ்வளவு நெருக்கம் என்பதை மீக்கடத்தி வளையம் அழகாகக் காட்டும். வளையத்தைச் சுற்றி வந்த அலை, தொடங்கிய இடத்துக்கு வரும்போது தன்னோடு பொருந்த வேண்டும். அதனால் வளையத்தில் சிக்கும் காந்தப்பாயம் (வளையத்தின் வழியே போகும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) 2.07 × 10⁻¹⁵ வெபர் என்ற அளவின் முழு மடங்காகவே இருக்கும். 1961இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை அளந்தன. அது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கால் வகுத்த எண். ஒற்றை எலக்ட்ரான்கள் ஓடியிருந்தால் இரட்டிப்பாக வந்திருக்கும். பாதி வந்ததால் அவை ஜோடியாக ஓடுவது உறுதியானது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புரோட்டானும் எலக்ட்ரானும் எவ்வளவு துல்லியமாகச் சமம் என்று முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கு விசை, நிறையால் வரும் ஈர்ப்பு விசையைவிட சுமார் 1.2 × 10³⁶ மடங்கு பெரியது. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10¹⁸. அதாவது, புரோட்டானின் மின்னூட்டம் எலக்ட்ரானுடையதைவிட 10¹⁸இல் ஒரு பங்கு கூடியிருந்தாலே போதும், நடுநிலை என்று நாம் நினைக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பு விசைக்கு ஈடாக விலக்கும். விண்மீனும் கோளும் திரண்டிருக்கவே முடியாது. 1959இல் லிட்டில்டன், போண்டி என்ற இருவர் இதைத் தலைகீழாக யோசித்தார்கள்: 10¹⁸இல் 2 பங்கு வேறுபாடு இருந்தால், அந்த விலக்குதான் பிரபஞ்சம் விரிவதற்குக் காரணமாக இருக்கலாமே! துணிச்சலான யோசனை. ஆனால் சோதனை விடவில்லை. நன்றாகக் காப்பிடப்பட்ட கலத்தில் வாயுவை அடைத்து, மெல்ல வெளியேற்றி, கலத்தில் மின்னூட்டம் மிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். மிஞ்சவில்லை. இன்றைய நிலவரப்படி வேறுபாடு இருந்தாலும் 10²¹இல் ஒரு பங்கு அளவைத் தாண்டாது.

ஏன் சமம்? நியூட்ரான் சிதைந்து புரோட்டான், எலக்ட்ரான், எதிர் நியூட்ரினோ ஆவதால் சமமாகத்தானே இருக்க வேண்டும் என்று சொல்லலாம். அது கேள்வியை நியூட்ரானிடமும் நியூட்ரினோவிடமும் தள்ளிவிடுகிறது. சற்று ஆழமான பதில் துகள் இயற்பியலின் திட்ட மாதிரியில் (Standard Model, அடிப்படைத் துகள்களை விவரிக்கும் கோட்பாட்டில்) இருக்கிறது. ஒரு தலைமுறைத் துகள்களின் மின்னூட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். மேல் குவார்க் மூன்று நிறங்களில் (நிறம் என்பது குவார்க்கின் மூவகைப் பண்புக்கு வைத்த பெயர்தான்): 3 × 2/3 = 2. கீழ் குவார்க் மூன்று நிறங்களில்: 3 × −1/3 = −1. எலக்ட்ரான் −1, நியூட்ரினோ 0. மொத்தம் பூச்சியம். இது பூச்சியமாக இல்லாவிட்டால் அந்தக் கோட்பாடு உள்ளுக்குள்ளேயே முரண்பட்டு, நிகழ்தகவுகளைச் சரியாகத் தராது. ஆக, குவார்க்குக்கும் எலக்ட்ரானுக்கும் ஏதோ உறவு இருக்கிறது. அந்த உறவு எங்கிருந்து வந்தது என்பதற்கு முன்மொழிவுகள் உண்டு, உறுதியான பதில் இல்லை. இயற்பியலாளர் பால் டிராக் 1931இல் காட்டிய வழி இன்னொன்று: பிரபஞ்சத்தில் ஒரே ஒரு தனிக் காந்த முனை இருந்தாலும் போதும், மின்னூட்டம் முழு மடங்காக வந்தே தீரும். அந்த ஒரு முனை மட்டும் இதுவரை அகப்படவில்லை.

மூன்றாவது கேள்வி, எலக்ட்ரான் ஏன் விழவில்லை. பழைய இயற்பியல்படி சுற்றிவரும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்து சுமார் 10⁻¹¹ நொடியில் அணுக்கருவைத் தொட்டுவிட வேண்டும். 'நீல்ஸ் போரின் அணு மாதிரியில் நிலையான வட்டப்பாதைகள் உண்டு, அங்கே உமிழாது' என்று மாணவர்கள் எழுதுவார்கள். மதிப்பெண் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. காகிதமும் பேனாவும் எடுங்கள்.

எலக்ட்ரானை ஓர் ஆரத்துக்குள் அடைத்தால், அதன் உந்தம் குறைந்தபட்சம் பிளாங்க் மாறிலியை 2π என்ற எண்ணாலும் அந்த ஆரத்தாலும் வகுத்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். இடத்தைப் பாதியாக்கினால் உந்தம் இரட்டிப்பு, இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. நிலையாற்றலோ இரண்டு மடங்குதான் ஆழமாகும். ஹைட்ரஜனுக்கு எண்களைப் போடுவோம், எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில். ஆரம் 1.06 ஆங்ஸ்ட்ராம்: நிலையாற்றல் −13.6, இயக்க ஆற்றல் 3.4, மொத்தம் −10.2. ஆரம் 0.53: −27.2, 13.6, மொத்தம் −13.6. இன்னும் பாதியாக நெருக்கினால்: −54.4, 54.4, மொத்தம் 0. அதற்கும் பாதி: −108.8, 217.6, மொத்தம் 108.8. பார்த்தீர்களா? உள்ளே இழுக்க இழுக்க ஈர்ப்பால் கிடைக்கும் லாபத்தைவிட அடைத்து வைப்பதற்கான செலவு வேகமாக ஏறுகிறது. மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் இடம் 0.53 ஆங்ஸ்ட்ராம். அணுவின் அளவு அதுதான். இந்தத் தோராயக் கணக்கு சரியான விடையையே தருவது ஹைட்ரஜனில் நமக்கு அடித்த அதிர்ஷ்டம். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை முழுசாகத் தீர்த்தாலும் −13.6தான் வரும்.

ஒரு திருத்தம். எலக்ட்ரான் அணுக்கருவின் பக்கமே போவதில்லை என்று நினைக்காதீர்கள். கோள வடிவ ஆர்பிட்டால்களில் அணுக்கரு இருக்கும் இடத்திலும் அலைச்சார்பு பூச்சியமாகாது. பெரிலியம்-7 அணுக்கரு இதை நம்பியே சிதைகிறது: தன்னைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்களில் ஒன்றைப் பிடித்து விழுங்கி லித்தியம்-7 ஆகிறது. அரை ஆயுள் 53 நாட்கள். எல்லா எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டால் அந்தச் சிதைவே நடக்காது. எனவே எலக்ட்ரானைத் தடுக்கும் சுவர் எதுவும் அங்கே இல்லை; அங்கேயே தங்கியிருப்பதற்கான ஆற்றல்தான் இல்லை.

ஓர் அணு சுருங்காததற்கு இது போதும். கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த பொருள் ஏன் சுருங்கவில்லை என்பதற்குப் போதாது. நடுநிலை அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் இருப்பதை 'எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால்' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். விலக்கும் அளவுக்கு ஈர்ப்பும் இருக்கிறதே! இங்கே உண்மையான காவலாளி பௌலியின் தவிர்ப்புத் தத்துவம். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதால், நெருக்கும்போது அவை உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. டைசனும் லெனார்டும் 1967இல் இதைக் கணித முறைப்படி நிறுவினார்கள். நிரூபணம் நீண்டது, கடினமானது. 1975இல் லீப், தீரிங் இருவரும் அதைச் சுருக்கித் தெளிவாக்கினார்கள்.

இப்போது நான்காவது. எலக்ட்ரான் பரவியிருந்தால் தன்னைத் தானே விலக்குமா?

1926இல் ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டை வெளியிட்டபோது, எலக்ட்ரானின் மின்னூட்டம் உண்மையாகவே பரவிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தார். அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் வேறு பொருள் சொன்னார்: பரவியிருப்பது, அகப்படும் நிகழ்தகவு. இவர்களில் யார் சரி என்பதை உங்கள் கேள்வியே சோதித்துவிடும். ஹைட்ரஜன் அணுவின் மேகத்தை உண்மையான மின்னூட்டப் பரவலாக எடுத்துக்கொண்டு, அதன் பகுதிகள் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் 8.5 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. அற்பமான திருத்தமல்ல, 13.6இல் பாதிக்கு மேல். அப்படி ஒரு விலக்கு இருந்தால் ஹைட்ரஜன் அணு இப்போதைய இறுக்கத்தில் பாதியைக்கூடக் காட்டாது. ஆனால் ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றலை அளந்தால் 13.6 அப்படியே வருகிறது. அந்தச் சமன்பாட்டில் புரோட்டான்–எலக்ட்ரான் ஈர்ப்பு மட்டுமே இருக்கிறது, எலக்ட்ரான் தன்னை விலக்கும் உறுப்பு கிடையாது.

இதோடு ஹீலியத்தை ஒப்பிடுங்கள். அங்கே இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டும் ஒன்றையொன்று விலக்காவிட்டால், இரண்டையும் பிய்த்தெடுக்க 108.8 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படும். அளந்தால் 79.0. குறைந்துபோன ஏறத்தாழ 30, இரண்டு எலக்ட்ரான்களுக்கு நடுவிலுள்ள விலக்கின் கணக்கு. ஒரு முழு மின்னூட்டம் இன்னொரு முழு மின்னூட்டத்தை விலக்கும். ஒரே மின்னூட்டத்தின் 'இங்கே இருக்கலாம்', 'அங்கே இருக்கலாம்' என்ற இரண்டு சாத்தியங்கள் ஒன்றையொன்று விலக்காது.

அப்படியானால் மேகப் படம் பொய்யா? இல்லை. எலக்ட்ரானின் அசைவோடு ஒப்பிட மெதுவாக நகரும் ஏதாவது பக்கத்தில் இருந்தால், அது உணர்வது சராசரியான மின்புலத்தை. அந்தச் சராசரிக்கு மேகத்தை மின்னூட்டமாக வைத்துக் கணக்கிடலாம். படிகங்களில் எக்ஸ் கதிர்ச் சிதறலிலிருந்து வரையும் எலக்ட்ரான் அடர்த்திப் படங்கள் இப்படிப்பட்டவைதான். கணினியில் மூலக்கூறுகளைக் கணக்கிடும் வேதியியலாளர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும்: சில தோராய முறைகளில் எலக்ட்ரான் தன் சொந்த மேகத்தையும் சேர்த்து உணர்ந்துவிடும். விடை பிசகும், அந்தச் சுயவிலக்கைக் களைவதற்கென்றே தனித் திருத்தங்கள் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது கேள்வி, இரட்டைப் பிளவு. எலக்ட்ரானை வைத்து உண்மையான பிளவுகளில் முதலில் செய்து காட்டியவர் கிளவுஸ் யோன்சன், 1961இல். ஒவ்வொன்றாக அனுப்பியதை மிகத் தெளிவாகப் படமெடுத்தது டொனொமுராவின் குழு, 1989இல். அவர்கள் பிளவுக்குப் பதில் மின்னழுத்தம் கொடுத்த மிக மெல்லிய இழையை வைத்தார்கள். அதன் இரு பக்கமும் போகும் அலைகள் வளைந்து ஒன்றுசேரும். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் 0.4 பங்கு வேகத்தில், நொடிக்கு ஆயிரம் என்ற அளவுக்குத்தான் வந்தன. சராசரியாக அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஒன்றோடொன்று மோதிக் கோலம் போட வழியே இல்லை. திரையில் முதலில் சில புள்ளிகள், ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றும். சில நூறு ஆனாலும் ஒன்றும் புலப்படாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு வரிவரியாகப் பட்டைகள் தெளிகின்றன. அந்தப் படங்களில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு எலக்ட்ரான். அரை எலக்ட்ரான் இடப் பக்கம், அரை வலப் பக்கம் என்று ஒரு பதிவுகூட இல்லை.

பார்த்தால் ஏன் கலைகிறது? கண்ணோ மனமோ வேண்டியதில்லை. எலக்ட்ரான் இந்த வழியாகப் போனது என்ற தடயம் வெளியே எங்காவது பதிந்தாலே போதும், யாரும் படிக்காவிட்டாலும் பட்டைகள் மறையும். இங்கே மின்னூட்டம் மறுபடி உள்ளே வருகிறது, வில்லனாக. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் 2007இல் வெளியான ஒரு சோதனையில், பிரிந்த இரண்டு எலக்ட்ரான் அலைகளையும் ஒரு குறைகடத்தித் தட்டின் மேலே பறக்கவிட்டார்கள். எலக்ட்ரானின் மின்புலம் தட்டில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டும். அது கூடவே ஓடும்போது மின்தடையால் தட்டு மிக நுண்ணிய அளவில் சூடாகும். எந்த வழியாகப் போனது என்ற குறிப்பு அந்தச் சூட்டில் இருக்கிறது. அலைகள் தட்டை நெருங்க நெருங்க, இரண்டு வழிகளும் விலக விலக, பட்டைகள் படிப்படியாக மங்கின. திடீரென்று மறையவில்லை, தடயம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு மங்கல்.

மின்னூட்டமில்லாத துகள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பெரிய மூலக்கூறுகளில் குறுக்கீட்டைக் காட்டும் சோதனைகள் நடுநிலை மூலக்கூறுகளோடு நடப்பதற்கு அது ஒரு காரணம். 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனை வைத்துச் செய்தார்கள். அதன் டி பிராய் அலைநீளம் (நகரும் துகளுக்கு உரிய அலையின் நீளம்) மூலக்கூறின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்குதான், இருந்தும் பட்டைகள் வந்தன. 2019இல் அதே நகரத்தில் சுமார் 2,000 அணுக்கள் கொண்ட, 25,000 அணு நிறை அலகுக்கு மேல் கனமான மூலக்கூறுகள் வரை போய்விட்டார்கள். அவற்றிலும் கருவி பதிவது முழு மூலக்கூறுகளையே. அந்தப் பறப்பு நேரத்துக்குள் எஞ்சிய காற்றின் ஒரு மூலக்கூறு மோதினாலும், சூடான மூலக்கூறே வெப்பக் கதிரை உமிழ்ந்தாலும் தடயம் பதிந்து பட்டைகள் மங்கிவிடும். அதனால்தான் இந்தக் கருவிகளுக்கு அவ்வளவு உயர்ந்த வெற்றிடம் தேவைப்படுகிறது.